வேறு என்றால், எதிலிருந்து வேறு?

ஆங்கிலம் படிக்காதவர்கூட நாள்தோறும் சொல்லும் ஆங்கிலச் சொற்களுள் ‘டிஃபரன்ட்’ ஒன்று. சட்டையின் நிறம் டிஃபரன்ட், குழம்பின் சுவை டிஃபரன்ட், புது மருமகள் டிஃபரன்ட், பக்கத்து ஊர் வழக்கம் டிஃபரன்ட். காரைக்கால்மேட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்த ஒரு பெயரடையை நான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது. அகராதியைப் பார்த்தால் ‘வேறுபட்ட’ என்று ஒரே சொல்லில் பொருள் முடிந்துவிடும். பயன்பாட்டிலோ அது அத்தனை எளிதாக முடிவதில்லை. பள்ளிக்கூட வாக்கியத்தைத் தாண்டி அரசாணைகளிலும் தீர்ப்புகளிலும் விண்ணப்பப் படிவங்களிலும் புகுந்து, மனிதர்களின் உரிமையைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சொல் அது. ஆகவே அதன் பொருளைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘தனித்தனியே சுமந்து செல்லுதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து அது பிறந்தது. ஓரிடத்தில் இருந்த இரண்டை இரண்டு திசைகளில் எடுத்துச் செல்வது என்ற காட்சி அதற்குள் உறைந்திருக்கிறது. அந்த வேரிலிருந்து பிரெஞ்சு மொழிக்கு இரண்டு சொற்கள் கிடைத்தன. ஒன்று ‘வேறான’ என்று பொருள்படும் பெயரடை. மற்றொன்று ‘தகராறு’ என்று பொருள்படும் பெயர்ச்சொல். இரண்டுக்கும் எழுத்தில் கடைசி எழுத்து மட்டுமே மாறும். காதில் விழும் ஒலி ஒன்றுதான். பிரெஞ்சு ஆட்சி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்த காரைக்காலில் இந்தத் தகவலைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். வேறுபாடும் தகராறும் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம் என்று நான் சொல்வேன்.

ஆங்கிலத்தில் இப்பெயரடைக்கு மூன்று முதன்மையான பயன்பாடுகள் உண்டு. ‘இந்தப் படகு வேண்டாம், வேறு படகு கொண்டுவா’ என்னும்போது அது ‘மற்றொன்று’ என்ற பொருளைத் தருகிறது. ‘மூன்று வெவ்வேறு படகுகள் வந்தன’ என்னும்போது பன்மைப் பெயருக்கு முன்னே நின்று ‘பலவகை’, ‘தனித்தனி’ என்று பொருள்படுகிறது. ‘அவர் ஒரு மாதிரி வித்தியாசமான ஆள்’ என்னும்போது ‘வழக்கத்துக்கு மாறான’ என்பது பொருள். இம்மூன்றாம் பயன்பாட்டில் புகழ்ச்சியும் இருக்கலாம், இகழ்ச்சியும் இருக்கலாம். விருந்தில் பரிமாறப்பட்ட பண்டத்தைச் சுவைத்துவிட்டு ஓர் ஆங்கிலேயர் ‘டிஃபரன்ட்’ என்று மட்டும் சொன்னால், அவருக்கு அது பிடிக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆங்கிலம் ஒரே சொல்லால் செய்யும் இவ்வேலையைத் தமிழ் பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. வேறு, வெவ்வேறு, பிற, மாற்று, தனி, மாறுபட்ட, வேறுபட்ட, வித்தியாசமான என்று நம்மிடம் உள்ள சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமர்வதில்லை. ‘மாற்றுப் பாதை’ என்றால் முதல் பாதை அடைபட்டபோது உதவுவது. ‘வேறு பாதை’ என்றால் இதுவல்லாத இன்னொன்று. ‘மாறுபட்ட பாதை’ என்றால் போக்கே எதிரானது. ‘வேறு’ என்னும் ஒரு சொல்லே இடத்துக்கு இடம் தொழில் மாறும். ‘வேறு வலை’ என்று முன்னே நின்றால் இன்னொரு வலை; ‘அந்த வலை வேறு, இந்த வலை வேறு’ என்று பின்னே நின்றால் இரண்டும் ஒன்றல்ல; ‘வலை அறுந்தது; கடன் வேறு இருக்கிறது’ என்று சொன்னால் ‘அதற்கு மேலும்’ என்று பொருள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘டிஃபரன்ட் டிஃபரன்ட்’ என்று இரட்டித்துச் சொல்வதைக் கேலி செய்வோர் உண்டு. ‘வெவ்வேறு’ என்பதே ‘வேறு’ இரட்டித்துப் பிறந்ததுதான். தாய்மொழியின் நல்ல பழக்கம் அந்நிய மொழிக்குள் எட்டிப்பார்க்கிறது. ஆங்கிலத்தில் பெயரைப் பன்மையாக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தால் அது தானே சரியாகிவிடும்.

இனித்தான் இச்சொல்லின் உயிர்நிலை வருகிறது. ‘சிவப்பு’, ‘உயரம்’ போன்றவற்றை ஒரு பொருளைத் தனியே வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். ‘டிஃபரன்ட்’ என்பதை அப்படிச் சொல்ல இயலாது. உலகில் ஒரே ஒரு பொருள் மட்டும் இருந்தால் அது எதிலிருந்தும் வேறானதாக இருக்க முடியாது. ஆகவே இச்சொல்லுக்குப் பின்னே ஆங்கிலத்தில் ஓர் இணைப்பு வர வேண்டும். தேர்வில் மதிப்பெண் தருவது ‘ஃப்ரம்’. பிரிட்டனின் பேச்சுவழக்கில் ‘டு’ என்பதும், அமெரிக்காவில் ஒப்பீட்டுச் சொல்லான ‘தேன்’ என்பதும் வழங்குகின்றன. எது வந்தாலும் வேலை ஒன்றே: எதிலிருந்து வேறு என்று காட்டுவது. இந்த இணைப்பு வெளிப்படையாக வராத இடங்களிலும் அது மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்கும்போதுதான் நாம் விழிப்போடு இருக்க வேண்டும்.

தமிழ் இலக்கணம் இதை வியக்கத்தக்க வகையில் உணர்ந்திருக்கிறது. பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்துவதால் அதற்கு ‘வேற்றுமை’ என்றே பெயர் வைத்தார்கள். அவற்றுள் ‘இல்’, ‘இன்’ என்னும் உருபுகளை உடைய ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள்களைப் பவணந்தி முனிவரின் நன்னூல் வகுக்கிறது. ‘கரையின் நீங்கிய படகு’ என்றால் நீங்கல். ‘பாலின் வெண்மையான சிப்பி’ என்றால் ஒப்பு. ‘நாகூரின் வடக்கு காரைக்கால்’ என்றால் எல்லை. ‘தொழிலில் சிறந்தவர்’ என்றால் ஏது, அதாவது காரணம். பிரிவதும், ஒத்திருப்பதும், எல்லை வகுப்பதும், காரணம் கூறுவதும் ஒரே உருபின் வேலைகளாக இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறு என்று சொல்ல வேண்டுமானால், இரண்டும் எதில் ஒத்திருக்கின்றன, கோடு எங்கே, காரணம் என்ன என்ற மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இப்பாடத்தைப் படித்துப்பார்க்க எங்கள் கடற்கரையைப் போன்ற இடமும் குறைவு. 1620இல் டேனியர் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் கைப்பற்றினார்கள். 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. சைக்கிளில் ஒரே நாளில் கடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. டச்சுக் கொடி 1781இலும் டேனியக் கொடி 1845இலும் இறங்கி அவ்விடங்கள் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சுக் கொடி மட்டும் 1954 நவம்பர் 1 வரை பறந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முழுமை பெற்றது. இதன் விளைவாக, தெற்கே நாகப்பட்டினம் மாவட்டமும் வடக்கே மயிலாடுதுறை மாவட்டமும் தமிழ்நாடாக இருக்க, நடுவே உள்ள காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியின் பகுதியாக இருக்கிறது.

அப்படியானால் காரைக்கால்மேட்டு மீனவர் நாகூர்ப் பட்டினச்சேரி மீனவரிலிருந்து வேறானவரா? மொழி ஒன்று. பட்டினவர் என்னும் சமூகம் ஒன்று. பெண் கொடுத்து எடுக்கும் உறவு எல்லைக்கோட்டின் இருபுறமும் ஓடுகிறது. மாமன் ஒரு மாநிலத்திலும் மருமகன் மற்றொரு மாநிலத்திலும் வாக்களிப்பது இங்கே புதுமையன்று. ஒரே விசைப்படகில் இரு பகுதித் தொழிலாளரும் ஏறிப்போவது வழக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் எல்லாவற்றிலும் அது ஒரே விதமாகப் புகுந்தது. எனினும் படகின் நெற்றியில் எழுதப்படும் பதிவெண் மாறுகிறது: அங்கே ‘டிஎன்’, இங்கே ‘பிஒய்’. நிவாரணம் தருவதும் தொகையை முடிவுசெய்வதும் இரண்டு அரசுகள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்க்கலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகளுள் ஒன்றான மாஹே, கேரளத்தால் சூழப்பட்டு அரபிக்கடல் ஓரம் இருக்கிறது. காரைக்காலுக்கும் மாஹேக்கும் அரசு ஒன்று. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அதே 61 நாள். மாஹே மேற்கின் கணக்கைப் பின்பற்றுகிறது. இரு கடல்களுக்கும் தனித்தனிக் காலக்கணக்கு வைத்திருப்பதால் இவ்வேறுபாடு. ஏன் என்று கேட்டால் கடலைக் காட்டி விடை சொல்ல முடிகிறது. நாகூருக்கும் காரைக்காலுக்கும் தடைக்காலம் ஒன்றே. ஆனால் தடைக்கால நிவாரணம் எவ்வளவு, எந்த நாளில் என்பது மட்டும் இரு தலைநகரங்களில் தனித்தனியே முடிவாகிறது. அங்கே ஏன் என்று கேட்டால் கடலிடமிருந்து விடை வராது, வரலாற்றிடமிருந்துதான் வரும்.

இரண்டு இடங்களிலும் ஆங்கிலத்தில் ‘டிஃபரன்ட்’ என்றே எழுதலாம். இலக்கணப் பிழை இராது. ஆனால் இரண்டும் ஒரே தரத்து வேறுபாடுகள் அல்ல. இதைப் பிரித்தறிய நான் பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். எதிலிருந்து வேறு? எதில் வேறு? எதற்காக வேறு? முதற்கேள்வி அளவுகோலை வெளிக்கொணர்கிறது. இரண்டாவது கேள்வி வேறுபாட்டின் எல்லையைச் சொல்லவைக்கிறது. மூன்றாவது, அந்த வேறுபாட்டை இப்போது எடுத்துப் பேசுவதன் நோக்கத்தைக் கேட்கிறது.

இந்தக் கேள்விகள் இலக்கண வகுப்போடு நிற்பவை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அப்படியென்றால் எவரையும் வேறாக நடத்தவே கூடாதா என்ற கேள்வி குடியரசின் தொடக்க ஆண்டுகளிலேயே எழுந்தது. 1952இல் மேற்கு வங்க அரசுக்கும் அன்வர் அலி சர்க்காருக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் இரண்டு சோதனைகளை முன்வைத்தது. ஒரு குழுவை மற்றவரிலிருந்து பிரிக்கும் வேறுபாடு தெளிவாகப் புரியக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வேறுபாட்டுக்கும் சட்டம் அடைய விரும்பும் நோக்கத்துக்கும் அறிவுக்குப் பொருந்தும் தொடர்பு இருக்க வேண்டும். எதிலிருந்து, எதில், எதற்காக என்பதையே நீதிமன்றம் தன் நடையில் கேட்டது எனலாம்.

கல்வியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் அதைச் செல்லும் என்றது. புதுச்சேரி 2023இல் 10 விழுக்காடு ஒதுக்கியது. இங்கே ‘எதிலிருந்து’ என்பதற்கு விடை, தனியார் பள்ளியிலும் தனிப் பயிற்சியிலும் படித்தவரிலிருந்து. ‘எதில்’ என்பதற்கு விடை, கிடைத்த வாய்ப்பில், அறிவில் அன்று. ‘எதற்காக’ என்பதற்கு விடை, அந்த இடைவெளியைக் குறைப்பதற்காக. மூன்றுக்கும் விடை இருப்பதால் இந்த வேறாக நடத்துதல் சமத்துவத்துக்குத் துணை நிற்கிறது. காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூலையே படித்துவந்தன. 2023-24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகள் படிப்படியாக மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அத்தை மகனும் மாமன் மகளும் இப்போது ஒரே தமிழ் பேசி, இருவேறு பாடநூல்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். இதனால் யாருக்கு என்ன நன்மை என்று பெற்றோர் கேட்டால், அந்தக் கேள்விக்கும் விடை தரப்பட வேண்டும்.

இச்சொல் மிகுந்த நல்லெண்ணத்துடன் புகுந்த இடம் ஒன்று உண்டு. உடற்குறை உள்ளவரை இழிவாக அழைத்துவந்த வழக்கை மாற்ற, ‘வேறுவிதமான திறன் உடையவர்’ என்று பொருள்படும் தொடர் 1980களில் அமெரிக்காவில் பரவியது. தமிழ்நாட்டில் 2010இல் முதல்வர் மு. கருணாநிதியின் ஆட்சியில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் கைவிடப்பட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்பது அரசு வழக்காயிற்று. கேலிச்சொல்லாகத் தேய்ந்துபோன ஒன்றை நீக்கியது நன்மை. அச்சொல் மக்களிடம் வேரூன்றியும் விட்டது. ஆயினும் ஆங்கிலத் தொடரை ஐக்கிய நாடுகள் அவை தன் மொழி வழிகாட்டுதலில் தவிர்க்கச் சொல்கிறது. அதன் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையும், இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் ஆங்கிலத்தில் ‘இயலாமை உள்ள நபர்கள்’ என்று நேராகவே பேசுகின்றன.

காரணத்தை நம் கேள்விகளாலேயே அறியலாம். ‘வேறான திறன்’ என்றால், எவருடைய திறனிலிருந்து வேறு? ஒவ்வொருவர் திறனும் மற்றவரிலிருந்து வேறுதானே. அளவுகோல் சொல்லப்படாமல் மறைக்கப்படும்போது, தடை எங்கே இருக்கிறது என்பதும் மறைந்துவிடுகிறது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிகள் அலையருகே செல்லும் வகையில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, பிறகு சீர்செய்யப்பட்டது. அந்தப் பாதைக்கு முன், கடலைத் தொட்டவருக்கும் தொடாதவருக்கும் இடையே இருந்த வேறுபாடு மணலில் இருந்தது. பலகை விரித்ததும், கடலருகே செல்வதைப் பொறுத்தவரை அது தீர்ந்தது. ‘நீங்கள் வேறுவிதமான ஆற்றல் உடையவர்’ என்று கரையில் நின்று பாராட்டிக்கொண்டிருந்தால் அது தீர்ந்திராது. மதிப்பான சொல் வேண்டும். அதற்குப் பின்னால் பாதையும் வேண்டும்.

‘டிஃபரன்ட்’ என்பதன் பெயர்ச்சொல் வடிவத்துக்குத் தமிழில் வேறுபாடு, வேற்றுமை, பாகுபாடு என்று மூன்று சொற்களை நாம் ஆள்கிறோம். இவற்றைக் கலக்காமல் ஆள்வது நல்லது. வேறுபாடு என்பது இருக்கும் நிலை: கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் போல. வேற்றுமை என்பது அதை மனத்தில் உணர்வது: அவர் வேற்றாள் என்று எண்ணுவது. பாகுபாடு என்பது அந்த எண்ணத்தைக் கொண்டு ஒருவருக்குத் தந்து மற்றொருவருக்கு மறுப்பது. முதலாவதை மறுக்க இயலாது, மறுக்கவும் வேண்டாம். இரண்டாவதை உரையாடலால் குறைக்கலாம். மூன்றாவதைச் சட்டத்தாலும் கேள்வியாலும் தடுக்க வேண்டும். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் இம்மூன்றனுள் எதை எடுப்பது என்று ஒரு நொடி தயங்கினால், படிப்பவருக்கு உண்மை விளங்கும்.

இச்சொல்லின் குடும்பத்தில் இன்னொன்றையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இதன் முன்னே ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் ‘ஒன்றுபோல’ என்ற பொருள் வரும் என்றுதான் எவரும் நினைப்பர். வருவதோ ‘அக்கறையற்ற’, ‘பாராமுகமான’ என்னும் பொருள். எது எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றே என்பவன், உண்மையில் எதையும் பார்க்காதவன். எல்லாரும் ஒன்று என்று சொல்லிக்கொண்டே படியில் ஏற இயலாதவரையும், எல்லைக்கோட்டால் விண்ணப்பம் திருப்பப்பட்ட மாணவரையும் கவனிக்காமல் கடந்துபோவது சமத்துவம் ஆகாது. வேறுபாட்டைப் பார்ப்பதும் ஓர் அக்கறைதான்.

ஆதலால் அடுத்த முறை ‘அவர்கள் டிஃபரன்ட்’, ‘உங்கள் விஷயம் வேறு’, ‘உங்கள் ஊர் வேறு’ என்று ஓர் அலுவலரோ அரசியல்வாதியோ உறவினரோ சொல்லும்போது, வாக்கியத்தை அங்கேயே முற்றுப்புள்ளியிட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள். எதிலிருந்து, எதில், எதற்காக என்று பணிவோடு கேளுங்கள். விடை இருந்தால் அது அறிவு, ஏற்றுக்கொள்ளலாம். விடை இல்லையென்றால், கடலில் கோடு கிழித்தவர்களின் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை என்றே பொருள்.